பக்கத்தில் எழுத வேண்டாம்

காலி இடத்துக்காக நான் ஒருத்தியோடு மாதக்கணக்கில் சண்டை போட்டேன். இதைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்கார அம்மாவின் முகமே மாறிவிட்டது.

"எங்கன ஆத்தா எடம்? அல்லிநகரத்துலயா? பட்டா யாரு பேருல இருக்கு?"

"அந்த எடம் இல்லக்கா. கம்ப்யூட்டர்ல எழுதுறப்ப வரிக்கு முன்னாடி, பின்னாடி சும்மா விடுற எடம்."

"சும்மா விடுற எடத்துக்குமா அடிச்சுக்கிறீக?" என்று மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மாடியில் குடியிருக்கிறவளுக்குக் கொஞ்சம் மரை கழன்றுவிட்டது என்று அன்றைக்கு முடிவு கட்டியிருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் செய்கிற வேலை அப்படி. எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கிலீஷில் கையேடு எழுதுகிறேன். வீட்டிலிருந்தேதான் வேலை. அல்லிநகரத்தில் மாடியில் இரண்டு அறை. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்த இரண்டு அறை போதவில்லை என்று தினமும் அவரோடு மல்லுக்கு நிற்பேன். மாரடைப்பில் அவர் போன பிறகு ஓர் அறையைத் திறப்பதே இல்லை. பிள்ளைகள் கிடையாது. கம்பெனிக்காரர்கள் எழுத்தில் வேலை சொல்வார்கள், நான் எழுத்தில் பதில் சொல்வேன். சாயங்காலம் கடைக்குப் போய் "அரை லிட்டர் பால்" என்று கேட்கும்போது சில நாள் குரல் கரகரவென்று வரும். காலையிலிருந்து அதுதான் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு என்பது அப்போதுதான் உறைக்கும்.

இதற்காக யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். பாவப்பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களை ஒரே வருஷத்தில் வராமல் அடித்ததும் இந்த வாய்தான்.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் எழுதப்பட்டுவந்த ஒரு தமிழ்க் கையேட்டில் போய்ச் சேர்ந்தேன். பைத்தான் என்கிற கணினி மொழியைப் பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே படிப்பதற்கான கையேடு அது. சம்பளம் கிடையாது. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதினோம். ஒருவர் எழுதிய பக்கத்தில் இன்னொருவர் கை வைக்கலாம். ஆனால் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரித் திருத்தக் குறிப்பு எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் சண்டை மொத்தமும் அந்த ஒரு வரிக்குள்ளேதான் நடந்தது.

பைத்தானில் வரிக்கு முன்னால் விடுகிற வெற்றிடத்துக்கு அர்த்தம் உண்டு. எந்த வரி எந்த வரிக்கு அடங்கியது என்பதை அதை வைத்துத்தான் கணினி தெரிந்துகொள்ளும். இடம் பிசகினால் நிரல், அதாவது புரோகிராம், ஓடாது. ஆனால் எத்தனை இடம் விடுவது என்பது அவரவர் பழக்கம். எங்கள் கையேட்டில் ஒருவர் இரண்டு விட்டிருந்தார், ஒருவர் நாலு, இன்னொரு மகராசன் டேப் விசையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். படிக்கிற பிள்ளை எதை நம்பும்? ஏதாவது ஒரு முறைக்கு எல்லாரும் ஒத்துக்கொள்ளலாம் என்று குழுவில் எழுதினேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் பதில் எழுதினாள். முகத்துக்குப் பதிலாக ஒரு திராட்சைக் குலையைப் படமாக வைத்திருந்தாள்.

"சாப்பிட்டீகளா? நான் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். என் பிள்ளைகள் போனில்தான் படிக்கிறார்கள். நாலு இடம் விட்டால் வரி அந்தச் சின்னத் திரையில் மடிந்து கீழே விழுகிறது. இரண்டே போதும்."

எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. வேலை விஷயத்தில் சாப்பாட்டு விசாரிப்பு எதற்கு? 'சாப்பிட்டீகளா' என்று எழுதியதிலேயே நம்ம பக்கத்துக்காரி என்று தெரிந்துபோனது வேறு விஷயம். "உலகம் முழுக்க நாலு விடுகிறார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் வெளியே போனால் விழிப்பார்கள்" என்று சூடாகப் பதில் எழுதினேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில், இடம் நாலு, ஆனால் வரிகளைப் போனில் மடியாத நீளத்துக்கு நான் சுருக்கித் தர வேண்டும் என்று உடன்பாடு ஆனது. ஒரு வாரம் உட்கார்ந்து சுருக்கினேன். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துவிட்டு அவள் எழுதுவாள்: "சாப்பிட்டீகளா? இன்னும் ஒரு வரி மடிகிறது." அவள் எழுத்து எப்போதும் அப்படித்தான். முதலில் சாப்பாடு, பிறகு குத்து.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது.

நிரலின் ஒரு வரி என்ன செய்கிறது என்று அதன் பக்கத்திலேயே சின்னக் குறிப்பு எழுதுவது வழக்கம். நான் ஒரு பாடத்துக்குக் காய்கனிக் கடையை எடுத்துக்காட்டாக வைத்திருந்தேன். வாழை, திராட்சை, ஏலக்காய் என்று தமிழிலேயே பெயர் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை எழுதி, பக்கத்தில் குறிப்பு. குறிப்புகள் எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்று பிசகாமல் நிற்க வேண்டும் என்று வாழைக்குப் பின்னால் நிறைய இடம், திராட்சைக்குப் பின்னால் கொஞ்சமாக என்று பார்த்துப் பார்த்து விட்டிருந்தேன். நாற்று நடக் கயிறு பிடித்த மாதிரி நேராக நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மறுநாள் காலையில் திறந்தால் எல்லாம் கோணல்மாணல். அவள் திருத்தக் குறிப்பு: "சாப்பிட்டீகளா? பக்கக் குறிப்புகள் கோணலாக இருந்தன. நேராக்கிவிட்டேன்."

நேராக்கினாளாம்! எனக்கு வந்ததே கோபம். மறுபடி உட்கார்ந்து நேராக்கினேன். மறுநாள் மறுபடி கோணல். நான் நேராக்க, அவள் கோணலாக்க, அதைத்தான் நேராக்கியதாக அவள் எழுத, இப்படியே ஓடியது. இவளுக்குக் கண்ணில் ஏதும் கோளாறா, இல்லை வேண்டுமென்றே வம்பு வளர்க்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று திருத்தக் குறிப்பில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு திக்கென்று இருந்தது. இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வந்தாள். "சாப்பிட்டீகளா? கூடத்தை நேராக்கியிருக்கிறேன். இப்போது ஆடிக் காட்டுங்கள்."

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்கே அது வேறு யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எழுந்ததும் முதல் வேலை அந்தப் பக்கத்தைத் திறப்பதுதான். இன்றைக்கு என்ன கோணலாக்கி வைத்திருக்கிறாள், பார்த்துவிடுவோம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவேன். "சாப்பிட்டீகளா?" என்பதைப் பார்த்ததும் எழுந்து போய் ஒரு தோசையாவது ஊற்றிக்கொள்வேன். கேட்டபிறகு சாப்பிடாமல் இருப்பது மரியாதை இல்லையே. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நாள் அவள் எதையும் கோணலாக்காமல் விட்டாள், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. "இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, அதனால் கோணல் அப்படியே கிடக்கிறது, சந்தோஷப்படாதீர்கள்" என்று போனிலிருந்து எழுதினாள். "இங்கேயும் இல்லை" என்று நான் எழுதினேன். "இங்கேயும் என்றால் எங்கே?" என்றாள். அப்படித்தான் தெரிந்தது. நான் அல்லிநகரம், அவள் ராயப்பன்பட்டி. உத்தமபாளையம் பஸ் ஏறி, அங்கே இன்னொரு பஸ் பிடித்தால் போய்விடுகிற ஊர். இத்தனை மாதமும் அமெரிக்காவில் இருக்கிறவளோடு போடுவது போலச் சண்டை போட்டிருக்கிறோம்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்லதான் இருப்போம். உங்க கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு வாங்க. எது கோணல்னு நேர்லயே பாத்துருவோம்" என்று என் நம்பரை வாங்கிப் போனில் கூப்பிட்டாள். குரல் நான் நினைத்ததைவிடச் சின்னது.

நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். சின்னமனூர் தாண்டியபோது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தயக்கம் வந்தது. உத்தமபாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாறினேன். ராயப்பன்பட்டியில் இறங்கி வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். மாதா கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையை இன்னும் மாற்றியிருக்கவில்லை.

"வாங்கக்கா. வெயில்ல வந்துருக்கீக. சாப்பிட்டீகளா?"

கேட்டேவிட்டாள். "இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

வீடு முழுக்க ஆள். அடுப்பங்கரையில் அவள் வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க, உக்காருங்க. ஒங்களப் பத்தித்தான் எந்நேரமும் பேச்சு. இன்னைக்கு என்ன சொன்னாக தெரியுமான்னு எங்கிட்ட வந்து படிச்சுக் காட்டுவா" என்றார். இரண்டு மகள்கள் டிவி ரிமோட்டுக்கு முடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு வந்த சொந்தக்காரர்கள் வேறு. ஒரு வாரத்தில் நான் கேட்கிற பேச்சை அந்த வீட்டில் ஒரு மணி நேரத்தில் கேட்டேன்.

சாப்பாட்டு மேசையில் என் கணினியையும் அவள் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அதே பக்கத்தைத் திறந்தோம்.

"இப்பச் சொல்லுங்கக்கா. கோணலா, இல்லையா?"

அவள் திரையில் கோணல். திராட்சையின் குறிப்பு தெற்கே போக, வாழையின் குறிப்பு வடக்கே நின்றது. என் திரையில் அதே வரிகள் கயிறு பிடித்த மாதிரி நேர். இரண்டு பேரும் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தோம். "இருங்க" என்று அவள் தன் கணினியில் இடங்களைக் கூட்டிக் குறைத்து நேராக்கிச் சேமித்தாள். என் பக்கத்தைப் புதுப்பித்தேன். என் திரையில் எல்லாம் கோணிக்கொண்டது.

"அடி ஆத்தாடி!" என்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு எழுதுனீகளே. கூடந்தானக்கா கோணலு!"

சிரித்தோம் பாருங்கள், மகள்கள் ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். விஷயம் இவ்வளவுதான். நிரல் எழுதுகிற எழுத்துருவில் இங்கிலீஷ் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம். ஒல்லியான எழுத்துக்கும் குண்டான எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம். அதனால் இடத்தை எண்ணி விட்டால் எந்தக் கணினியிலும் நேராகத்தான் நிற்கும். தமிழ் அப்படியில்லை. 'ர' ஒரு கால் ஊன்ற இடம் கேட்கும், 'ணை' சம்மணம் போட்டு உட்கார இடம் கேட்கும். போதாததற்கு என் கணினியில் ஒரு தமிழ் எழுத்துரு, அவள் கணினியில் வேறு. தமிழில் பெயர் வைத்த வரிக்குப் பின்னால் இடத்தை எண்ணி விட்டால் ஒருத்தி வீட்டு நேர் இன்னொருத்தி வீட்டுக் கோணல். இங்கிலீஷில் பெயர் வைத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. மாதக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் சரியாகத்தான் இருந்திருக்கிறோம்.

வழியும் அங்கேயே பிறந்தது. குறிப்பைப் பக்கத்தில் எழுதவே கூடாது. வரிக்கு மேலே, தனி வரியில் எழுத வேண்டும். அப்போது எந்தத் திரையிலும் கோணல் வராது.

"நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் போட்டுர்றேன்க்கா. யாரு பக்கத்துல எழுதுனாலும் அதுவே தூக்கி மேல வச்சிரும். எழுதுனவகளுக்கு ஒரு மெயிலும் போயிரும். நம்ம ரெண்டு பேரும் இதுக்கு மண்டைய ஒடைக்க வேணாம்."

மெயிலில் என்ன எழுதுவது என்று இரண்டு பேருமாக யோசித்தோம். அவள் தட்டிய முதல் வரி, "சாப்பிட்டீகளா?"

"இதெல்லாம் வேணாம்மா" என்றேன். "கையேடுன்னா ஒரு ஒழுங்கு இருக்கணும். எந்தெந்த ஊர்க்காரரோ படிப்பாக. சுருக்கமா இருக்கட்டும்." இத்தனை வருஷம் கம்பெனிக்கு எழுதிய பழக்கம். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே அழித்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'குறிப்பைப் பக்கத்தில் எழுத வேண்டாம். மேல் வரியில் தனியாக எழுதவும்.'

"அப்பாடா, ஒரு வேலை முடிஞ்சது!" என்று கணினியை மூடினாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. எனக்கு அந்த 'அப்பாடா' பிடிக்கவில்லை. அவளுக்கு அது ஒரு வேலை. பரீட்சைத் தாள் திருத்துவதற்கும் குக்கர் விசில் அடிப்பதற்கும் நடுவில் செய்த வேலை. எனக்கு என்னவாக இருந்தது என்று அந்த மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியுமா?

ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றினாள். வெங்காயம் உரித்தவர், "ஒங்க வீட்ல யாரு யாரு இருக்காக?" என்று கேட்டார்.

"நான் மட்டுந்தான்."

அவள் என் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தாள். "அடிக்கடி வாங்கக்கா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் காரணமில்லாமல் ஒருத்தர் வீட்டுக்கு எப்படிப் போவது? சண்டைக்காரி என்றால் உரிமையாகப் போகலாம். சமாதானம் ஆனவள் எந்த முகத்தோடு போவாள்?

அவள் சொன்னபடி அந்த வாரமே புரோகிராம் வந்துவிட்டது. பழைய பக்கங்களையெல்லாம் ஒரே மூச்சில் திருத்திப் போட்டது. கையேடு முழுவதும் கோணல் இல்லை, குறை இல்லை. குழுவில் எல்லாரும் மறுபடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

எனக்குக் காலையில் செய்ய ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். நேராக இருக்கும். மூடிவிடுவேன். தோசை மாவு புளித்துப்போய்க் கொட்டினேன்.

ஒரு தடவை போன் செய்தேன். பின்னால் டிவி, மகள்கள், குக்கர். "சொல்லுங்கக்கா" என்றாள். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. என் வீம்பு விட்டால்தானே? "ஏழாம் பாடத்துல ஒரு சந்தேகம்" என்று இல்லாத சந்தேகத்தைக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னாள். "வேற ஏதும் உண்டாக்கா?" என்றாள். "வேற ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டேன். பள்ளியில் பரீட்சை நேரம். அவளுக்கும் தலைக்குமேல் வேலை.

போன வாரம் ஒரு காலையில் எனக்கு என்ன தோன்றியதோ, அந்தக் காய்கனிக் கடைப் பாடத்தைத் திறந்தேன். வாழைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு, திராட்சைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு, ஏலக்காய்க்குப் பக்கத்தில் ஒன்று. இடங்களைக் கூட்டிக் குறைத்து, என் திரையில் ஒன்றின்கீழ் ஒன்று நேராக நிற்கும்வரை விடவில்லை. அவள் திரையில் இது எப்படிக் கோணிக்கொண்டு நிற்கும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. மாற்றியதற்கான காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'கூடம் இப்போது நேராக இருக்கிறது' என்று எழுதினேன். சேமித்தேன். பார்த்தால் விடமாட்டாள், எனக்குத் தெரியும்.

டீ போட எழுந்தேன். தண்ணீரை அடுப்பில் வைப்பதற்குள் மெயில் வந்த சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். இந்த வயதில் ஓடினேன்.

'குறிப்பைப் பக்கத்தில் எழுத வேண்டாம். மேல் வரியில் தனியாக எழுதவும்.'

நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடியில், இது தானாக அனுப்பப்பட்டது, இதற்குப் பதில் அனுப்ப இயலாது என்று இருந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் மூன்று குறிப்புகளும் மேலே ஏறி ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. அவள் இதைப் பார்த்திருக்கவே மாட்டாள். பார்க்க வேண்டாம் என்பதற்குத்தானே புரோகிராம்.

"நான் இன்னும் சாப்பிடல" என்றேன். திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல.

கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் குரல் படியேறி வந்தது. "யாரு கூட ஆத்தா பேசிக்கிட்டு இருக்க? யாரும் வந்துருக்காகளா?"

"இல்லக்கா," என்றேன். "யாருமில்ல."